8 அடி ரீஃப் தொட்டி: மூன்று வேவ்மேக்கர் ஓடியும் பின் மூலையில் தண்ணீர் நகரவில்லை

#1 கிள்ளான்_கடல்

வணக்கம். நான்கு வருடமாக வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். நீளம் 240 செ.மீ., அகலம் 80, உயரம் 70. கண்ணாடிக் கணக்கில் 1,340 லிட்டர். கல்லும் மணலும் போக 1,100 லிட்டர் தண்ணீர் இருக்கும். கீழே சம்ப் (துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கை எடுப்பது), சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது). ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 5,000 லிட்டர் போல மேலே தள்ளுகிறது. தொட்டிக்குள் மூன்று வேவ்மேக்கர் (ஓட்டம் உண்டாக்கும் பம்ப்). ஒவ்வொன்றின் பெட்டியிலும் மணிக்கு 12,000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. இரண்டு பின்கண்ணாடியின் இரு மூலைகளில், ஒன்று வலப்பக்கக் கண்ணாடியில்.

முதல் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. இப்போது இடது பின் மூலையில் கசடு குவிகிறது. பெரிய சிரிஞ்சால் ஊதினால் கறுப்புப் புகைபோல் கிளம்புகிறது. அந்தப் பக்கத்து மணலில் சிவப்புச் சயனோ (பாசிபோன்ற நுண்ணுயிர்) போர்வை போட்டமாதிரி படர்கிறது. உறிஞ்சி எடுத்தால் நாலு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 25 மி.கி., பாஸ்பேட் 0.2. பெரிய அக்ரோபோரா (கிளைவிடும் கல்பவளம்) மூன்றில் அடிப்பாகத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. நுனிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, அதுதான் புரியவில்லை.

பம்பைக் கூட்டலாம் என்றால் வலப்பக்கத்தில் இருக்கும் டார்ச் பவளம் ஏற்கெனவே ஒரே பக்கமாகச் சாய்ந்து அடிவாங்குகிறது. அங்கே அதிகம், இங்கே ஒன்றுமில்லை.

இன்னும் இரண்டு வேவ்மேக்கர் வாங்கவா, இல்லை தொட்டியைக் காலி செய்து துளை போட்டு குளோஸ்டு லூப் (வெளிப் பம்ப் தொட்டித் தண்ணீரைக் குழாய்வழி சுற்றிவிடும் முறை) வைக்கவா? இரண்டுக்கும் நல்ல செலவு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 உட்லண்ட்ஸ்_அக்ரோ

மூன்றும் சேர்த்து 36,000 லிட்டர். 1,100-ஆல் வகுத்தால் மணிக்கு 33 மடங்கு. மென்பவளத்துக்கும் டார்ச் மாதிரி எல்பிஎஸ் (பெரிய பாலிப் கல்பவளம்) வகைகளுக்கும் இது தாராளம். அக்ரோபோராவுக்கு 50-க்கு மேல் வேண்டும் என்பது என் அனுபவம். என் தொட்டியில் 60 மடங்கு ஓடுகிறது, அடி உரிதல் பார்த்ததே இல்லை. இரண்டு வாங்கிப் போடுங்கள் நண்பரே.

#3 பேஸ்மெண்ட்_ரீஃப்

தம்பி, கொஞ்சம் பொறுங்கோ, இப்ப ஒன்றும் வாங்க வேண்டாம். முதல் மூன்று வருடம் இதே பம்ப், இதே தொட்டி, குறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்போம்.

கடைசியாக எப்போது பம்புகளைக் கழற்றிக் கழுவினீர்கள்? மூலையில் இருக்கும் இரண்டும் எந்தப் பக்கம் பார்த்து ஊதுகின்றன? கல் அடுக்கு பின்கண்ணாடியைத் தொடுகிறதா?

அப்புறம் ஒரு சோதனை. முன்கண்ணாடியில் 60 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு டேப் துண்டு ஒட்டுங்கள். உறையவைத்த சைக்ளாப்ஸ் (மிகச் சிறிய நீர்வாழ் உயிர்) இரையைக் கரைத்து, சிரிஞ்சால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் விட்டு, துணுக்கு ஒன்று அந்த 60 செ.மீ. கடக்க எத்தனை வினாடி என்று போனில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தை மேலிருந்து எடுக்கலாம். ஓட்டத்தை நேரில் அளக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

#4 கிள்ளான்_கடல்

அண்ணா, உடனே எழுதியதற்கு நன்றி. நேற்று இரவே பார்த்தேன்.

பம்ப் கழுவி ஆறு ஏழு மாதம் இருக்கும். மூலைப் பம்புகள் இரண்டும் முன்கண்ணாடியின் நடுவைப் பார்க்கின்றன. கடையில் அப்படித்தான் வைக்கச் சொன்னார்கள். கல் 110 கிலோ, பின்கண்ணாடி முழுக்க மதில்போல் அடுக்கியது. ஆமாம், தொடுகிறது. சில இடங்களில் சாய்த்தே வைத்திருக்கிறேன்.

சைக்ளாப்ஸ் கணக்கு: வலப்பக்கம் மேலே துணுக்கு கண்ணுக்குப் பிடிபடாத வேகம். முன்புறம் நடுவில் அங்கேயும் இங்கேயும் துள்ளுகிறது, ஆனால் எங்கேயும் போகவில்லை. இடது பின் மூலையில் 40 வினாடிக்குப் பிறகும் பாதி தூரம் வரவில்லை, அப்படியே மணலில் இறங்கிவிட்டது. என் அக்ரோபோராக்கள் மூன்றும் அந்தப் பாதையில்தான் நிற்கின்றன.

#5 பேஸ்மெண்ட்_ரீஃப்

‘துள்ளுகிறது, ஆனால் எங்கேயும் போகவில்லை’ என்று எழுதினீர்களே, உங்கள் பிரச்சினை முழுக்க அந்த வரியில் இருக்கிறது.

இரண்டு பம்பை எதிரெதிராக நடுவில் மோதவிட்டால் அங்கே கொந்தளிப்பு வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் உந்தம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. மின்சாரம் செலவாகிறது, தண்ணீர் ஊர்போய்ச் சேரவில்லை. சின்னத் தொட்டியில் இது தெரியாது, ஏனென்றால் எந்த மூலையும் பம்புக்குப் பக்கம்தான். 8 அடியில் தெரியும்.

மடங்குக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சிங்கப்பூர் நண்பர் உட்லண்ட்ஸ்_அக்ரோ கோபிக்க வேண்டாம். உங்கள் தொட்டியின் குறுக்குவெட்டு 80 க்கு 70, அதாவது 0.56 சதுர மீட்டர். அதில் பாதி வழியாகத் தண்ணீர் போய், மறுபாதி வழியாகத் திரும்பி வரட்டும். போகும் பாதியில் வினாடிக்கு 5 செ.மீ. வேகம் வேண்டுமென்றால் மணிக்கு 50,000 லிட்டர் கடக்க வேண்டும். உங்களிடம் இருப்பதோ 36,000. ஆனாலும் போதும். எப்படி? பம்ப் வாயிலிருந்து வரும் பீச்சு போகிற வழியில் பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். எதிரில் கல்லோ இன்னொரு பீச்சோ இல்லாமல் நீண்ட தூரம் போகவிட்டால், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப்போல் பல மடங்கு தண்ணீர் சேர்ந்து நகரும். பவளத்துக்கு முன்னால் தட்டிப்போனால் பெட்டி எண்கூடக் கிடைக்காது. பம்ப் எத்தனை லிட்டர் என்பதைவிட, அதற்கு எவ்வளவு நீளம் வெறும் பாதை கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு.

எந்தப் பெரிய தொட்டியிலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பெரிய சுற்று. ஒரு குறுக்குச் சுவரிலிருந்து மேல்பரப்பை ஒட்டி எதிர்ச்சுவர் வரை போய், அங்கே முட்டி இறங்கி, மணலை ஒட்டித் திரும்ப வரவேண்டும். அல்லது முன்கண்ணாடி வழியே போய் கல்லுக்குப் பின்னால் திரும்ப வரவேண்டும். இப்படிச் சுற்ற ஆரம்பித்தால் ஒரு டன் தண்ணீரும் சேர்ந்தே ஓடும். பம்பை நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்துக்கு அது நிற்காது. மேக்ஸ்பெக்ட் கைர் மாதிரி நீள உருளைப் பம்புகள் இதற்கென்றே அகலமான தகடுபோல் தண்ணீரைத் தள்ளுகின்றன. டுன்ஸே, வோர்டெக் மாதிரி விசிறிப் பம்புகளாலும் செய்யலாம், வைக்கும் இடம்தான் முக்கியம்.

உங்கள் தொட்டியில் திரும்பி வரும் வழியே இல்லை. பின்பக்கம் மதில் கட்டி அடைத்துவிட்டீர்கள். கல்லைக் கண்ணாடியிலிருந்து நகர்த்தாமல் ஐந்து பம்ப் போட்டாலும் அந்த மூலை அப்படியேதான் இருக்கும்.

நுனி நன்றாக இருந்து அடி ஏன் உரிகிறது என்று கேட்டீர்கள். பவளத்தின் தோலை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அசையாமல் நிற்கும். பகலில் உள்ளே இருக்கும் பாசி உண்டாக்கும் அளவுக்கு மீறிய ஆக்சிஜன் வெளியே போவதும், இரவில் மூச்சுக்கு ஆக்சிஜன் உள்ளே வருவதும், கழிவு நீங்குவதும் அந்தப் படலத்தைத் தாண்டித்தான். வெளியே ஓட்டம் வேகமானால் படலம் மெலியும், தேங்கினால் தடிக்கும். நான்கு வருடத்தில் உங்கள் அக்ரோபோரா அடர்ந்து வளர்ந்திருக்கும். வெளிக்கிளைகளே உள்ளே போகும் தண்ணீரைத் தடுக்கும். நுனிக்கு ஓட்டம் உண்டு, அடிக்கு இல்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன மாறியது என்பதற்கு இதுதான் என் பதில். பவளம் வளர்ந்துவிட்டது, பம்பில் சுண்ணாம்பு படிந்துவிட்டது, கல்லின் ஓட்டைகள் அடைந்துவிட்டன.

#6 பார்_முங்கி

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எனக்குத் தொட்டி கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி ஆய்வுக் குழுக்களோடு முங்கியிருக்கிறேன். மேலே பேஸ்மெண்ட்_ரீஃப் எழுதியதைப் படித்ததும் கடலில் பார்த்ததைச் சொல்லலாம் என்று தோன்றியது.

கடலில் தண்ணீர் பீச்சாக வருவதில்லை. பாருக்கு (பவளத்திட்டுக்கு) மேலே ஆழம் குறைந்த இடத்தில் நின்றால் முழுத் தண்ணீரும் ஒரு எட்டு முன்னால் போகும், ஒரு எட்டு பின்னால் வரும். உங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். மீன், கடல்விசிறி, நீங்கள், எல்லாரும் ஒன்றாக ஆடுவோம். அதற்கு மேல் நீவாடு (நீரோட்டம்) ஒன்று தனியாக, மெதுவாக, ஒரு திசையில் இழுத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பவளம் பழகிய தண்ணீர். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒரு திசை, வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் வேறு திசை. வருடம் முழுக்க ஒரே பக்கமிருந்து அறை வாங்கும் பவளத்தை நான் பார்த்ததில்லை.

பாரின் அமைப்பையும் பாருங்கள். மதில்போல் இருக்காது. திட்டுத் திட்டாக இருக்கும், நடுவில் மணல் வாய்க்கால்கள் ஓடும். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் அங்கே கசடு நிற்காது. வாய்க்கால் ஓரத்துப் பவளங்கள் செழிப்பாக இருக்கும்.

இன்னொன்று. 1998, 2010, 2016 மூன்று வருடங்களிலும் எங்கள் கடலில் பவளம் வெளிறியது. வெளிறல் வருவது சித்திரை, வைகாசிச் சூட்டில்தான். காற்று விழுந்து கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாட்களில்தான் எனக்கு பயம். ஓட்டம் இருந்தால் அக்ரோபோரா சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது என்று ஒகினாவாவில் சோதனை செய்தும் காட்டியிருக்கிறார்கள். உங்கள் தொட்டியில் சில்லர் ஒருநாள் நின்றால், அந்த அசையாத மூலையில் இருக்கும் பவளம்தான் முதலில் போகும்.

#7 உட்லண்ட்ஸ்_அக்ரோ

கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மறுப்பு. ஒரே பெரிய சுற்று என்றால் பவளத்துக்கு எப்போதும் ஒரே திசையில் ஓட்டம். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் நிழல்பட்டு வளரும். இரண்டு பீச்சு மோதினால்தான் திசை மாறி மாறி வரும். என் தொட்டி 4 அடி. அதில் மோதவிட்டுத்தான் வைத்திருக்கிறேன், அக்ரோபோரா எல்லாப் பக்கமும் சீராக வளர்கிறது. பார்_முங்கி அண்ணாச்சி சொன்னதும் போய் வருவதைத்தானே தவிர, சுற்றுவதை அல்ல.

#8 பேஸ்மெண்ட்_ரீஃப்

நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் சுற்றைத் திருப்பிப் போட வேண்டும். இடக் குறுக்குச் சுவரில் ஒன்று, வலக் குறுக்குச் சுவரில் ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான் முழு வேகத்தில். நான் ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஓதம் மாறுவதுபோல. மாற்றும்போது நிறுத்தாமல், ஓயப்போகும் பம்பை மெதுவாக இறக்கி, மற்றதை மெதுவாக ஏற்றுவேன். அந்த ஐந்து பத்து நிமிடம் தொட்டி முழுக்கக் குழம்பும். கல் இடுக்கில் தங்கியதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும், ஸ்கிம்மர் எடுத்துக்கொள்ளும். ஐந்து வினாடிக்கு ஒருமுறை மாறி மாறி ஓடும் முறையை எட்டடித் தொட்டியில் முழுநேரமும் வைத்தால் பயனில்லை. தண்ணீர் நகரத் தொடங்கும் முன்பே எதிர்ப்பம்ப் வந்து தடுத்துவிடும். 4 அடியில் அது வேலை செய்வதும் 8 அடியில் செய்யாததும் இதனால்தான்.

போய் வரும் ஆட்டம் வேண்டுமென்றால் அலை முறை இருக்கிறது. தொட்டியின் இயல்பான ஊஞ்சல் நேரத்துக்குப் பம்பைத் துடிக்கவிட்டால் தண்ணீர் முழுவதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறி இறங்கும். 240 செ.மீ. நீளம், 65 செ.மீ. தண்ணீர் ஆழம் என்றால் அந்த நேரம் 2.1 வினாடிக்குக் கிட்ட வரும். ஒன்று கவனியுங்கள்: இரு முனைகளிலும் தண்ணீர் மேலும் கீழும்தான் போகும், பக்கவாட்டு ஆட்டம் அதிகம் கிடைப்பது நடுவில். உங்கள் மூலைக்கு இதனால் விடிவு வராது, நடுவில் இருக்கும் பவளத்துக்கு அருமை. மேல்பரப்பு அரை அங்குலம் ஏறி இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடி ஒட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் இரவும் பகலும் உலுக்கல். ஒரு டன் தண்ணீர் அது.

#9 உப்புநீர்_சென்னை

நான் பவளம் வைப்பதில்லை. இந்தியாவில் 2001-லேயே கல்பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். நம் கடலிலிருந்து எடுத்ததை வைத்திருப்பதே குற்றம். இங்கிருந்து படிக்கும் தம்பி தங்கைகள் இதை மனதில் வையுங்கள். என் 6 அடித் தொட்டியில் வெறும் மீனும் செயற்கைக் கல்லும்தான். ஆனால் ஓட்டப் பிரச்சினை எனக்கும் அதேதான்.

இரண்டு விஷயம். பம்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது போதாது. விசிறியிலும் அதன் உறையிலும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படிந்தால் பம்ப் சத்தம் போடாது, நிற்காது, மெதுவாகப் பலமிழக்கும். தினமும் பார்ப்பதால் நமக்குத் தெரியாது. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, அந்த வாளிக்குள் பம்பை ஒரு மணிநேரம் ஓடவிடுவேன். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி வைப்பேன். உபரியாக ஒரு பம்ப் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

இரண்டாவது, மின்வெட்டு. ரிட்டர்ன், ஸ்கிம்மர், லைட் எல்லாம் நின்றாலும் பரவாயில்லை, மேல்பரப்பைக் கலக்க ஒரு பம்ப் ஓட வேண்டும். இரவு மின்வெட்டு என்றால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்த நேரம். ஒரு டிசி வேவ்மேக்கரை மட்டும் பேட்டரியோடு இணைத்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாத நாட்களில் கையால் குவளையில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம், நானும் அம்மாவும் முறை வைத்து. பாதி மீன்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்த இரவுக்குப் பிறகுதான் பேட்டரி வாங்கினேன்.

#10 கிள்ளான்_கடல்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பம்பையும் கழற்றினேன். ஒன்றின் உறைக்குள் குழாய்ப்புழு கூடு கட்டியிருந்தது. வலப்பக்கப் பம்ப் மட்டும்தான் ஓரளவு சுத்தம். அதனால்தான் டார்ச் அடிவாங்கியிருக்கிறது: மற்ற இரண்டும் பலமிழக்க இழக்க நான் இதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். வினிகரில் ஓடவிட்டுத் திரும்ப மாட்டியதும் முன்பக்கத்து மணல் கிளம்பியது. பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டேன்.

ஆனால் இடது பின் மூலையில் பெரிய மாற்றமில்லை. 60 செ.மீ. கடக்க இன்னும் 30 வினாடி.

கல்லைப் பிரிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. குளோஸ்டு லூப் வேண்டவே வேண்டாமா? தொட்டிக்குள் பம்ப் ஒன்றுமே தெரியாமல் இருப்பது எனக்கு ஆசை. வாளி கவிழ்த்தமாதிரி மொத்தமாகத் தண்ணீர் விழும் முறையையும் வீடியோவில் பார்த்தேன்.

#11 பேஸ்மெண்ட்_ரீஃப்

இரண்டும் செய்து பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது கார்ல்சன் சர்ஜ் ஆக இருக்கும். ஹவாயில் வைக்கிக்கி அக்வாரியத்தை நடத்திய புரூஸ் கார்ல்சன் உருவாக்கியது. தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாய். சின்னப் பம்ப் ஒன்று அதை மெதுவாக நிரப்பும். தண்ணீர் குழாயின் வளைவைத் தாண்டியதும் சைஃபன் பிடித்து, மொத்தமும் சில வினாடியில் தொட்டிக்குள் இறங்கும். நகரும் உறுப்பு எதுவும் இல்லை. பார் முங்கி அண்ணை சொன்ன ‘முழுத் தண்ணீரும் ஒரு எட்டு’ என்பதற்கு வீட்டில் இதைவிடக் கிட்ட வர முடியாது. அந்த அலை வரும்போது என் மென்பவளங்கள் குனிந்து நிமிர்வதைப் பார்க்க அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சுவரில் முருகைக்கல் (பவளக்கல்) பார்த்தவர், உயிரோடு அது அசையும் என்று இங்கேதான் பார்த்தார்.

ஆனால் எட்டு மாதத்தில் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சைஃபன் முடியும்போது காற்றை இழுத்து உறுமும். நுண்குமிழி தொட்டி முழுக்க நிறையும். குமிழி உடைந்து உப்புத் தெறித்து லைட், சுவர், கூரைக் குழாய் எல்லாம் உப்புப் பூத்தது. பீப்பாய் காலியாகும் ஒவ்வொரு தடவையும் 80 லிட்டர் கூடுதலாகத் தொட்டிக்கு வரும். ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் வழி) அதைத் தாங்க வேண்டும், சம்ப் தாங்க வேண்டும். பொது அக்வாரியத்தில் இதற்கெல்லாம் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-ல் திறந்த பெரிய பவளத் தொட்டி 25 லட்சம் லிட்டர், அதற்கு அலை எந்திரமே தனியாக வைத்தார்கள். குடியிருக்கும் வீட்டில் கஷ்டம்.

குளோஸ்டு லூப் பற்றி. அதில் தண்ணீர் குழாய்க்குள் போய், முழங்கை வளைவுகளில் திரும்பி, நாசில் வழியே வர வேண்டும். ஒவ்வொரு வளைவும் உராய்வு. விசிறிப் பம்ப் 30, 40 வாட்டில் நகர்த்தும் தண்ணீரைக் குழாய்வழி நகர்த்த அதைப்போல் பல மடங்கு வாட் வேண்டும். அதில் ஒரு பகுதி சூடாகத் தண்ணீருக்கே வரும். மலேசியாவில் உங்கள் சில்லர் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். நாசிலை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், பவளம் வளர்ந்து மறைத்தால் நகர்த்த முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே துளை, ஒட்டு, வால்வு என்று எது கசிந்தாலும் கூடம் முழுக்க உப்புத்தண்ணீர். புதிதாகக் கட்டும் தொட்டிக்கு யோசிக்கலாம். நான்கு வருடமாக உயிரோடு இருக்கும் தொட்டியைக் காலி செய்து துளையிட நான் சொல்லமாட்டேன்.

பம்ப் கண்ணில் படக்கூடாது என்றால் மோட்டார் வெளியே, விசிறி மட்டும் உள்ளே காந்தத்தில் ஓடும் வகை பாருங்கள். உள்ளே ஒயரும் வராது, மோட்டார் சூட்டில் பெரும்பகுதி வெளியே போய்விடும். கண்ணாடித் தடிமனுக்கு எந்த மாடல் பொருந்தும் என்று பார்த்து வாங்குங்கள்.

#12 பார்_முங்கி

தம்பி, கல்லைப் பிரிக்கும்போது வாய்க்காலை நேராகப் போடாதீர்கள், கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். பாரில் பெரும்பாலும் அப்படித்தான். நேராக இருந்தால் ஒரு திசை ஓட்டம் மட்டும் நுழையும்.

#13 கிள்ளான்_கடல்

நேற்று ஞாயிறு. செய்துவிட்டேன், மனைவியும் மைத்துனரும் கூடவே நின்றார்கள்.

காலை எட்டு மணிக்கு முந்நூறு லிட்டர் புதுத் தண்ணீர் கலந்து தயார். பாதித் தண்ணீரை டிரம்களில் இறைத்து, பவளத்தை எல்லாம் வாளிகளில் வைத்து, ஒவ்வொரு வாளியிலும் ஒரு காற்றுக் கல். கல்லை எடுக்க எடுக்க பின்னாலிருந்து வந்த நாற்றம் சொல்ல முடியாது, அழுகின முட்டைபோல. மதிலுக்குப் பின்னால் இரண்டு அங்குலத்துக்குச் சேறு. நான்கு வருடம் போட்ட இரையில் ஒரு பங்கு அங்கேயே கிடந்திருக்கிறது. அந்தச் சேற்றைத் தொட்டியில் கலங்கவிடாமல் குழாயால் உறிஞ்சி நேரே சாக்கடைக்கு விட்டோம். அதற்கே மூன்று மணிநேரம்.

110 கிலோவில் 30 கிலோவைத் திரும்ப வைக்கவில்லை, சம்ப்பில் போட்டேன். மீதியை இரண்டு திட்டாக அடுக்கினேன். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே 15 செ.மீ. நடுவில் 25 செ.மீ. வாய்க்கால், அண்ணாச்சி சொன்னமாதிரி சாய்வாக. அடிக்கல்லைக் குட்டைக் குழாய்த் துண்டுகள் மேல் நிறுத்தியதால் கீழேயும் தண்ணீர் நுழையும். அடி உரிந்த அக்ரோபோரா மூன்றில் ஒன்றைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தது. நல்ல கிளைகளை வெட்டி ஒட்டினேன். மற்ற இரண்டின் உள்கிளைகளைக் கவாத்து செய்தேன். கை நடுங்கியது, இரண்டும் என் மகள் பிறந்த வருடம் விரலளவாக வாங்கியவை.

பம்ப்: இடக் குறுக்குச் சுவரில் ஒன்று, வலக் குறுக்குச் சுவரில் ஒன்று, இரண்டும் மேல்பரப்புக்கு ஒரு சாண் கீழே. மூன்றாவது பின்பக்கச் சந்தில், கீழே, 30 சதவீதத்தில். புதிதாக ஒரு பம்ப்கூட வாங்கவில்லை.

இரவு பத்து மணிக்குத் தண்ணீர் தெளிந்தது. இரை போட்டுப் பார்த்தோம். துணுக்கு வலமிருந்து முன்கண்ணாடி வழியாக இடக்கோடிக்குப் போய், திரும்பி, கல்லுக்குப் பின்னால் நுழைந்து, வலப்பக்கம் வெளியே வந்தது! மகள் கைதட்டினாள். இடது பின் மூலையில் 60 செ.மீ. கடக்க 10 வினாடி, அதாவது வினாடிக்கு 6 செ.மீ.

#14 உட்லண்ட்ஸ்_அக்ரோ

மனமார்ந்த வாழ்த்து. புது பம்ப் வாங்கச் சொன்னது நான்தான். உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் தொட்டியிலும் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன், சேறு இருக்கிறது. இந்த வாரம் சுத்தம் செய்யப்போகிறேன்.

ஒரு எச்சரிக்கை: அவ்வளவு கிளறினபின் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் முதலில் ஏறலாம். அம்மோனியாவையும் ஒரு வாரம் தினமும் பாருங்கள். இரையைக் குறையுங்கள். டார்ச் எங்கே வைத்தீர்கள்?

#15 கிள்ளான்_கடல்

டார்ச் இப்போது இடத் திட்டின் உள்பக்கம், வாய்க்காலுக்கு ஒதுக்கமாக. முன்பு ஒரே பக்கம் ஒட்டிக் கிடக்கும். இப்போது சாய்ந்து, திரும்ப எழுந்து, மறுபடி சாய்கிறது.

#16 கிள்ளான்_கடல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

சிங்கப்பூர் நண்பர் சொன்னபடியே நைட்ரேட் முதல் வாரம் 40-க்கு ஏறியது. அம்மோனியா இரண்டாம் நாள் லேசாகத் தெரிந்து, நான்காம் நாள் போய்விட்டது. வாரம் இருமுறை 15 சதவீதம் தண்ணீர் மாற்றினேன். இப்போது நைட்ரேட் 12, பாஸ்பேட் 0.09. ஸ்கிம்மர் முன்பு நான்கு நாளில் எடுத்த அழுக்கை இப்போது இரண்டு நாளில் எடுக்கிறது.

சயனோ இடது மூலையில் இல்லை. வாய்க்காலின் வலது ஓரத்தில் ஒரு கையகலம் இருக்கிறது. பின்பக்கப் பம்பின் ஓட்டம் அங்கே ஒரு கல்லில் தட்டி நின்றுவிடுகிறது. அந்தக் கல்லை இந்த வாரம் ஒரு விரற்கடை திருப்பிப் பார்க்கப்போகிறேன்.

இரண்டு அக்ரோபோராவிலும் அடி உரிதல் நின்றுவிட்டது. ஒன்றில் வெள்ளையான இடத்தின் விளிம்பில் புதுத் தோல் ஏறுகிறது, இன்றைக்கு அளந்தேன், 4 மி.மீ. வெட்டி ஒட்டிய ஏழு துண்டில் ஐந்து பிடித்துவிட்டன.

ஆறு மணிநேர மாற்றத்தை மாலை ஏழுக்கு வைத்திருக்கிறேன். இரண்டு பம்பும் கைமாறும் அந்தப் பத்து நிமிடத்தில் சர்ஜன் மீன்கள் எல்லாம் வாய்க்காலுக்கு வந்து, எதிர்த்து நீந்திக்கொண்டு நிற்கின்றன. நாங்களும் அந்த நேரத்துக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறோம்.